பலாலியிலிருந்து சுமத்திரா: லிபரேற்றர் விமானத்தின் பெற்றோல் கணக்கு

பலாலி விமானத்தளத்தை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரச விமானப்படை கட்டியது என்பது யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரியும். அங்கிருந்து என்ன விமானம் ஏறியது, எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. எங்களுக்குப் பலாலி என்றால் பொம்மரும் ஹெலியும், 1990இல் விட்டுவிட்டு வந்த காணிகளும்தான் நினைவு. அந்த நினைவுகளுக்கு அடியில் 1944 முதல் 1946 வரையான காலம் அப்படியே புதைந்து போய்விட்டது. அதில் ஒரு பகுதியை, வங்கக் கடலுக்கு மேலே பதினான்கு பதினைந்து மணித்தியாலம் ஒரு நாலு எஞ்சின் விமானத்தைப் பிடித்து வைத்திருந்த வேலையை, இங்கே எழுதுகிறேன்.

தளத்தின் பெயர் விமானப்படை ஏடுகளில் பலாலி அல்ல, காங்கேசன்துறை. 1944இல் சில மாதங்கள் 160ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமான அணி, இங்கே இருந்தது. 1945 பெப்ரவரியில் 203ஆம் ஸ்குவாட்ரன் மதுரையிலிருந்து வந்து 1946 வரை தங்கியது. இரண்டும் ஓட்டியது லிபரேற்றர், மேலே சொன்ன அந்த நாலு எஞ்சின் விமானம். கடலைத் தேடுவது, சுமத்திராக் கரையோரம் ஓடும் யப்பானியக் கப்பல்களைத் தாக்குவது 203இன் வேலை. 160 பின்னர் மின்னேரியாவுக்குப் போய், 1945 மார்ச்சில் சிங்கப்பூர்க் கடல் வரை பறந்து கடற்கண்ணி போட்டது. மலாயாக் காட்டுக்குள் யப்பானியரை எதிர்த்து நின்ற குழுக்களுக்குப் பொருள் போட்டதும் அந்த ஸ்குவாட்ரன்தான்.

இலங்கையின் போர்க்கால விமானக் கதை என்றால் எல்லோரும் கொக்கலையிலிருந்து போன கற்றலினா என்ற கடல் விமானத்தைத்தான் சொல்வார்கள். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி லெனாட் பேர்ச்சல் என்ற கனடிய விமானி இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் கைதிகளாக உயிர் தப்பினார்கள். மறுநாள் கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அந்தச் செய்தியின் பெருமையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கற்றலினா மெதுவான விமானம், மணிக்கு 100 கடல் மைல்தான் அதன் இயல்பான வேகம். போரின் கடைசி வருடத்தில் அதே தூரத்தை இன்னும் 40 கடல் மைல் கூடிய வேகத்தில் ஓடியது லிபரேற்றர். அதற்குக் கொடுத்த விலை, தண்ணீரில் இறங்க முடியாது என்பது.

தூரத்தை முதலில் பார்ப்போம். பலாலியிலிருந்து சுமத்திராவின் வட முனையில் இருக்கும் சபாங் தீவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 940 கடல் மைல், அதாவது 1,700 கிலோமீற்றருக்கு மேல். போர்ட் பிளேயர் 1,400 கிலோமீற்றர். சிங்கப்பூர் 2,800. இடையில் இறங்க நிக்கோபாரும் அந்தமானும் உண்டு, இரண்டும் அப்போது யப்பானியர் கையில்.

இனிப் பாரம். லிபரேற்றரின் வெறும் எடை சுமார் 36,500 இறாத்தல். மிகைப்பாரத்தோடு ஏற்றக்கூடிய எல்லை 65,000 இறாத்தல். சிறகுக்குள் றப்பர்ப் பைகளாக இருந்த பிரதான தாங்கிகளில் சுமார் 2,340 அமெரிக்கக் கலன் பெற்றோல் பிடிக்கும். சிறகின் வெளிப்புறத் துணைத் தாங்கிகளில் 450. குண்டறையின் முன்பகுதியில் இரண்டு தாங்கி பூட்டினால் இன்னும் 780. மொத்தம் 3,570 கலன், 13,500 லீற்றர். 200 லீற்றர் பீப்பாயில் அளந்தால் 68 பீப்பாய். கலனுக்கு 6 இறாத்தல் என்று பெருக்கினால் 21,400 இறாத்தல். மிஞ்சுவது 7,100. அதில் எஞ்சின் ஒயில் 900, எட்டுப் பேருக்கு உடுப்பு சாமானோடு 1,600. மிச்சம் உள்ள 4,600 இறாத்தலுக்குள்தான் ரவை, றேடார், றப்பர்ப் படகு, சாப்பாடு, தண்ணீர், அதற்குப் பிறகு குண்டோ கடற்கண்ணியோ. நீண்ட தூரம் போகும் விமானங்களில் கவசத் தகட்டையும் சில துப்பாக்கிக் கூடுகளையும் கழற்றி வைத்ததன் காரணம் இந்தக் கழித்தல் கணக்குத்தான். கழற்றிய ஒவ்வொரு 1,000 இறாத்தலும் 166 கலன் பெற்றோல், கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலப் பறப்பு.

பறப்புக்கு முதல் தரையில் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் விடும் பிழை பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு கடலுக்கு மேலேதான் தெரியவரும். லிபரேற்றரின் எஞ்சின் பிராட் அன் விற்னி ருவின் வாஸ்ப். 14 சிலிண்டர் வட்டமாக இரண்டு வரிசையில் இருக்கும். ஒன்று 1,200 குதிரைவலு. எஞ்சின் இரவு முழுக்க நின்றால் ஒயில் மெல்ல வடிந்து கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் தேங்கும். ஒயில் அமுங்காது. அந்த நிலையில் ஸ்ராட்டரைப் போட்டால் பிஸ்ரன் மேலே வந்து ஒயிலில் முட்டும், பிஸ்ரனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்ரிங் றொட் மயிரிழை வளையும். எஞ்சின் அப்போதும் ஸ்ராட் ஆகும், ஒழுங்காக ஓடுவது போலவே கேட்கும். வளைந்த றொட் உடைவது பிறகு.

ஆகவே ஸ்ராட் பண்ண முதல் புறொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். புறொப்பெல்லர் ஒரு சுற்று வர எஞ்சின் ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் கூடச் சுற்றும். எல்லாச் சிலிண்டரும் ஒரு தடவை அமுக்க நிலைக்கு வர எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்று அலகுள்ள புறொப்பெல்லரில் நாலு அலகு கடந்தால் கணக்குச் சரி, ஆறு அலகு கடத்தினால் மனதுக்கு நிம்மதி. இடையில் எங்காவது இறுக்கிப் பிடித்தால் பலம் போட்டுத் தள்ளக்கூடாது. பின்பக்கமாகவும் சுற்றக்கூடாது. பின்னுக்குச் சுற்றினால் ஒயில் காற்றுக் குழாய்க்குள் ஏறிக் காத்திருந்து, எஞ்சின் எடுத்த உடனே திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். செய்ய வேண்டியது கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடிய விடுவது. ஒரு எஞ்சினுக்கு 28 பிளக், விமானத்துக்கு 112. இருட்டில், வியர்வையில், நேரம் நெருக்கும்போது அதைப் பொறுமையாகச் செய்த தரைப் பொறியாளர்களின் பெயர் வெற்றி அறிக்கைகளில் வருவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

தாங்கிகளின் அடியில் தண்ணீர் வடிப்பதும் விடிகாலை வேலை. இரவுக் குளிரில் தாங்கிச் சுவரில் வியர்த்த நீர் அடியில் இறங்கி நிற்கும். வடிகுழாயைத் திறந்து கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்தால் தண்ணீர் கீழேயும் பெற்றோல் மேலேயும் பிரிந்து தெரியும். பலாலி, வசாவிளான் பக்கத்துச் செம்மண் தூசி வேறு. ஓடுபாதைக்கு முன்னால் போன விமானம் கிளப்பிய தூசி பின்னால் நிற்பவனின் காற்று வடிகட்டிக்குள் போகும்.

மேலெழும்பும் நேரத்தில் வெப்பம்தான் எதிரி. பகல் 33 பாகையில் கடல் மட்டத்தில் இருக்கும் ஓடுபாதை, காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை 2,000 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். சிறகு குறைவாகத் தூக்கும், எஞ்சின் குறைவாக இழுக்கும், ஓட வேண்டிய தூரம் நீளும். முழுப் பாரத்தோடு போகும் விமானத்துக்கு இரவோ விடிகாலையோதான் நல்லது. சிறகின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பிளாப் 20 பாகை. எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்று. சிலிண்டர் சூடு 260 பாகைக்கு மேல் போகக்கூடாது. சூட்டுக்குப் பயந்து எஞ்சின் மூடியின் காற்றுத் தகடுகளை அகலத் திறந்தால், அந்தத் தகடே காற்றை மறித்து வேகத்தைத் தின்னும், வால் நடுங்கும். மூன்றிலொரு பங்கு திறப்புப் போதும். முழுப் பாரத்தில் சக்கரம் தரையை விட்ட உடனே ஒரு எஞ்சின் நின்றால் பெரும்பாலும் செய்ய ஒன்றுமில்லை. வேகம் 130 மைலைத் தாண்டி, சக்கரம் உள்ளே போகும் வரையான அந்தச் சில விநாடிகளில் விமானியும் துணை விமானியும் பறப்புப் பொறியாளரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

லிபரேற்றரின் சிறகு நீளமும் ஒடுக்கமுமானது, 110 அடி. தூரப் பயணத்துக்கு அருமையான சிறகு, ஆனால் கோணத்தில் கொஞ்சம் பிசகினாலும் தண்டம் அறவிடும். வேண்டிய உயரத்துக்கு நேராக ஏறி அங்கேயே பவரைக் குறைத்தால், மூக்கு சற்று உயர்ந்தபடி, மெதுவாக, பெற்றோலை விழுங்கிக்கொண்டே போகும். 500 அடி கூட ஏறிவிட்டு மெல்ல இறங்கி வேகம் எடுத்து, அதற்குப் பிறகு பவரைக் குறைக்க வேண்டும். அதே பவரில் வேகம் கூடுதலாக நிற்கும். பின்னால் இருப்பவர் முன்னுக்கு நடந்து வந்தாலே சமநிலை மாறும், உடனே திருத்த வேண்டும். காற்றோடு கலக்கும் பெற்றோலைக் குறைத்துக் கலவையை ஒல்லியாக்கி, சுற்றை 1,700, 1,800க்கு இறக்கி ஓடினால் மணிக்கு 150 முதல் 180 கலன் செலவு. முழுப் பாரத்தோடு இருக்கும் முதல் சில மணித்தியாலம் இதைவிடக் கூட. ஒல்லிக் கலவையில் சிலிண்டர் சூடு 232ஐத் தாண்டவிடக்கூடாது. இப்படிக் குறைந்த பவரில் மணிக்கணக்காக ஓடினால் 100 ஒக்ரேன் பெற்றோலில் கலந்திருக்கும் ஈயம் பிளக்கில் படியும், எஞ்சின் இருமத் தொடங்கும். இடைக்கிடை ஒவ்வொரு எஞ்சினாகப் பவரைக் கூட்டிச் சுட்டெரித்து விடுவார்கள். அதற்கும் பெற்றோல் கணக்கில் இடம் வைக்க வேண்டும்.

பறப்புப் பொறியாளரின் வேலைதான் எனக்கு இந்த விமானத்திலேயே பெரிய வேலை. நாலு எஞ்சினுக்கும் தனித்தனிப் பிரதான தாங்கி. துணைத் தாங்கியிலும் குண்டறைத் தாங்கியிலும் உள்ள பெற்றோல் நேரே எஞ்சினுக்குப் போகாது. பம்ப் போட்டுப் பிரதான தாங்கிக்கு மாற்ற வேண்டும். பிரதான தாங்கியின் அளவு, விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தெரியும். விமானம் மட்டமாகப் பறந்தால்தான் அது உண்மை சொல்லும். மூக்கு இரண்டு பாகை தூக்கினால் அளவு பிழைக்கும். துணைத் தாங்கிக்குக் கண்ணாடிக் குழாயே இல்லை. பம்ப் ஓடிய நேரத்தையும் பிரதான தாங்கியின் ஏற்றத்தையும் வைத்துத்தான் எவ்வளவு வந்தது என்று கணிப்பது. பிரதான தாங்கி நிறைந்திருக்கும்போதே மாற்றினால் மிகுதி வெளிக்குழாயால் கடலுக்குப் போகும். தாங்கி வெறுமையான பிறகும் பம்பை ஓடவிட்டால் குழாய்க்குள் காற்று ஏறும். குண்டறைப் பெற்றோலை முதலில் மாற்றி முடிப்பதே புத்தி என்பது என் கருத்து. பம்ப் வேலை செய்யாவிட்டால் அது வீட்டுக்குக் கிட்ட இருக்கும்போதே தெரிந்துவிடும், திரும்பி வரலாம்.

மாற்றும்போது குண்டறைக்குள் பெற்றோல் மணம் ஏறும். எங்கோ ஒரு பொருத்து கசியும், ஆவி பாரமானது, அடியில் தேங்கும். மின்கம்பிகளும் அதே அறையில். ஒரு தீப்பொறி போதும். லிபரேற்றரின் குண்டுக் கதவு, கடைகளுக்குப் போடும் உருட்டுக் கதவு போலப் பக்கவாட்டில் மேலே உருளும். அதைச் சில அங்குலம் திறந்து வைத்துக் காற்றோட்டம் விடுவது ஆட்களின் வழக்கம். நடுவே போகும் ஒடுங்கிய நடைபாலத்தில் ஏறி, கீழே கடல் தெரியத் தெரிய, பொறியாளர் கசிவைத் தேடுவார்.

காற்றுக் கணக்கில்தான் பலர் ஏமாறுவது. போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று என்றால் இரண்டும் சமனாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. விமானத்தின் வேகம் 140 கடல் மைல் என்று வையுங்கள். காற்றில்லாமல் சபாங் போய்வர 13 மணித்தியாலம் 26 நிமிடம். 30 கடல் மைல் வேகச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பின்னால் நின்றால் போவது ஐந்தரை மணித்தியாலம், திரும்புவது எட்டரைக்குச் சற்று மேல். மொத்தத்தில் 40 நிமிடம் கூட, 110 கலன் கூட. எதிர்காற்றுக்குள் நிற்கும் நேரம் பின்காற்றில் நிற்கும் நேரத்தைவிட நீளம் என்பதால் நட்டம் எப்போதும் நட்டம்தான். சோளகக் காலத்தில் இன்னொரு வில்லங்கம்: சுகமான பாதி முதலில் வரும், தாங்கி வற்றும் பாதியில் காற்று முகத்தில் அடிக்கும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் நிலைமை மறுபுறம். போகும்போது உழைத்தால் வரும்போது காற்று தள்ளிக் கொடுக்கும். எங்கள் கடற்றொழிலாளர்கள் வள்ளத்துக்குப் பார்க்கும் அதே காற்று, அதே மாதங்கள்.

இதற்காகத்தான் திரும்பமுடியா எல்லையைக் கணித்து வைப்பது. மிச்சப் பெற்றோலை ஒதுக்கிவிட்டு எத்தனை மணித்தியாலம் பறக்கலாம் என்பதை, திரும்பும் வேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் திரும்பும் வேகமும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். 15 மணித்தியாலப் பெற்றோல், போகும் வேகம் 170, திரும்பும் வேகம் 110 என்றால் விடை 5.9 மணித்தியாலம். காற்றை மறந்து, பதினைந்தில் பாதி ஏழரை என்று மணிக்கூட்டைப் பார்த்து ஓடினவன் அப்போது 1,275 கடல் மைல் தள்ளி நிற்பான். வீடு வர அவனுக்குப் பதினொன்றரை மணித்தியாலம் வேண்டும், கையில் இருப்பது ஏழரை.

காற்றை அளப்பது எப்படி? பகலில் கடலைப் பார்க்க வேண்டும். காற்று வீசும் திசையில் நுரை கோடு கோடாக இழுபட்டுக் கிடக்கும். இரவில் எரியும் மிதவை ஒன்றைக் கடலில் போட்டுவிட்டு, வால் துப்பாக்கிக்காரர் தன் துப்பாக்கியை அந்த ஒளியில் குறிவைத்துப் பிடித்து, கூடு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று சொல்வார். அதுதான் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் கோணம். மூன்று வெவ்வேறு திசையில் சில நிமிடம் பறந்து மூன்று கோணம் எடுத்தால் காற்றின் திசையும் வேகமும் கிடைத்துவிடும். ஒரு பாகை பிழை 60 மைலுக்கு ஒரு மைல் விலக்கும். 940 மைலில் அது 16 மைல்.

யாழ்ப்பாணக் குடாநாடு பதினாறு மைல் பிழையை மன்னிக்காத இடம். மலையில்லை, மேடில்லை, பனைக்கு மேலே ஒன்றுமில்லை. மங்கலான விடியலில் கிட்ட வந்தால்தான் கரை தெரியும். நேரே பலாலியைக் குறிவைத்து வந்து வடக்கே விலகினால் பாக்கு நீரிணைக்குள் போய்விடுவீர்கள். கரை தெரியாவிட்டால் இடமா வலமா என்றும் தெரியாது. அதனால் வேண்டுமென்றே தெற்கே தள்ளிப் பிடிப்பதுதான் வழி கணிக்கும் நவிகேற்றர்களின் பொது உத்தி. முல்லைத்தீவுப் பக்கம் கரையைத் தொட்டால், கேள்வியே இல்லாமல் வலப்பக்கம் திரும்பி, சுண்டிக்குளம், வெற்றிலைக்கேணி, மணற்காடு என்று கரையைப் பிடித்து பருத்தித்துறை வந்து, மேற்கே திரும்பினால் காங்கேசன்துறை. சில நிமிடம் கூடுதல் செலவு, ஆனால் நிச்சயம். றேடியோத் திசைகாட்டியும் உண்டு. பொழுது படும் நேரமும் விடியும் நேரமும் அதன் திசை அலையும், அதுதான் பெரும்பாலும் அவர்கள் திரும்பி வரும் நேரம்.

கரை வந்து சேராவிட்டால்? லிபரேற்றர் கடலில் இறங்குவதற்கு மிக மோசமான விமானம். சிறகு மேலே, உடல் கீழே. தண்ணீரில் முதலில் மோதுவது அந்த மெல்லிய குண்டுக் கதவு. அது உள்ளே நொறுங்க, தண்ணீர் புகுந்து உடல் நடுவால் முறியும். 1944 செப்ரெம்பரில் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆற்றில் ஒரு லிபரேற்றரை வேண்டுமென்றே இறக்கிச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு இது தலையிடியாக இருந்தது. றப்பர்ப் படகு இரண்டும் சிறகுக்கு மேலே முதுகுப் பகுதியில். அங்கே போகவும் ஆள் உயிரோடிருக்க வேண்டும். எஞ்சின் ஒன்று நின்றால் புறொப்பெல்லர் அலகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துவதும் எஞ்சின் ஒயிலால்தான். ஒயில் முழுக்கக் கசிந்துவிட்டால் அலகு திரும்பாது, சும்மா சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். மூன்று எஞ்சினில் வீடு வரலாம் என்ற கணக்கு அந்த இடத்தில் உடையும்.

போர் முடிந்து 203 போன பின், 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. போர்க்கால ஓடுபாதை இருந்தபடியால்தான் அது முடிந்தது.

இதைத் தேடிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஸ்குவாட்ரன்களின் நாளேடுகள் லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 540 என்ற படிவம் அன்றாட நிகழ்வு, 541 என்ற படிவம் ஒவ்வொரு பறப்பும், ஆட்களின் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம். தேடும்போது பலாலி என்று தேடாமல் காங்கேசன்துறை என்று தேடுங்கள். நேரங்களில் கவனம் வேண்டும். 1942 செப்ரெம்பரிலிருந்து 1945 ஒக்ரோபர் நடுப்பகுதி வரை இலங்கை மணிக்கூடு கிறீன்விச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னால் ஓடியது, இப்போது போல ஐந்தரை அல்ல. ஏட்டில் இருப்பது கிறீன்விச் நேரமா உள்ளூர் நேரமா என்று முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு விடியலையும் பொழுதையும் கணித்தால்தான் அந்த விமானம் எந்த வெளிச்சத்தில் கரையைத் தேடியது என்பது சரியாக வரும்.